மரங்களுக்கு நடுவே ஒரு குடியிருப்பு

பெருநகரத்தின் விளிம்பில், மரங்கள் அடர்ந்த இந்தக் குடியிருப்புக்கு வந்தபின் நான் முதலில் உணர்ந்தது பசுமையை அல்ல, இரவின் குளிர்ச்சியைத்தான். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும் கான்கிரீட்டும் தார்ச்சாலையும் இருட்டிய பிறகு அந்த வெப்பத்தை மெல்ல வெளிவிடுவதால் நகரத்தின் நடுப்பகுதி இரவிலும் தணிவதில்லை. இங்கோ பகலில் இலைகள் நீராவியை வெளியேற்றும்போதே சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அலுவலகப் பயணம் நீண்டுவிட்டது உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று: உதிர்ந்த சருகைக் குப்பையென்று எரிக்கச் சொல்பவர்களும், பாம்பு வருமென்று புதர்களை வெட்டச் சொல்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள் (மரநிழலில் வண்டியை நிறுத்த முந்துபவர்களும் அவர்களே). மண்ணின் ஈரத்தைக் காக்கும் சருகை மரத்தடியிலேயே விட்டுவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் சொன்னேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.