ஓஐஎம் அவசரநிலைத் தேர்வு: சிமுலேட்டர் அறையில் எனக்குக் கைகொடுத்தது

ஆப்பிட்டோ என்ற எண்ணெய்த் துறைப் பயிற்சித் தர அமைப்பின் ஓஐஎம் (கடல் எண்ணெய்த் தளத்தின் பொறுப்பு மேலாளர்) தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. 'காம்பிடன்ட்', அதாவது தகுதி உண்டு என்று போட்டிருக்கிறார்கள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் இருக்கிறது. குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கமிருந்து ரிக் வேலைக்குப் போன தம்பிகள் பலர் இந்தத் தேர்வை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். தேர்வு முறையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: டைம் அவுட் எடுங்கள்.

சிமுலேட்டர் அறைக்குள் போனதும் ஒரு போலி அவசரநிலை தொடங்கும், ஃபயர் பேனலில் அலாரம் அடிக்கும். கடலோரக் காவல்படை ஆள் போலப் பேசும் தேர்வாளர் ஒரு லைனில் வருவார், மீட்புக்காகப் பக்கத்தில் நிற்கும் ஸ்டாண்ட்பை கப்பல் ரேடியோவில் கூப்பிடும், மஸ்டரில் (எல்லோரும் கூடும் இடத்தில் எடுக்கும் ஆள் கணக்கில்) ஆள் குறைகிறது என்று இன்னொருவர் சொல்வார். நீங்கள் ஒரு முடிவுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் இதெல்லாம் வரும். அந்த நேரம் கையை உயர்த்தி "டைம் அவுட்" என்று சொல்லுங்கள். எல்லோரும் போனை வைத்துவிட்டு, நிலவரம் எழுதும் போர்டைப் பார்க்கட்டும். என்ன நடந்திருக்கிறது, அடுத்து எது மோசமாகலாம், இப்போது யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிலைமை மாறும்போதெல்லாம் இதையே செய்யுங்கள். உங்கள் மனதில் ஓடுவது தேர்வாளருக்குத் தெரியாது, வாயால் சொன்னதற்குத்தான் மார்க். உங்கள் டீமுக்கும் அப்போதுதான் ஒரே சித்திரம் கிடைக்கும்.

இப்படி ஒரு தேர்வு வந்ததற்கே காரணம் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தள விபத்து. 1988 ஜூலை 6, வட கடலில் 167 பேர் இறந்தார்கள். தங்குமிடத்தில் காத்திருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு வரவேயில்லை. பலரைப் புகைதான் கொன்றது. பக்கத்துத் தளங்களான கிளேமோரும் டார்டனும் எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. அந்த விபத்தை விசாரித்து 1990இல் வந்த கல்லன் அறிக்கையைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள். நான் சேர்ந்த கோச்சிங்கில் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், இந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வீட்டில் பயிற்சிக்கு சிமுலேட்டர் கிடையாது. சுவரில் ஒரு வெள்ளை போர்டு, அடுத்த அறையில் போனோடு சித்தி மகன், அவ்வளவுதான். அவன் விசைப்படகில் போகிறவன், ரிக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. "அண்ணே, ஒரு ஆளக் காணல, பேரு தெரியல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவான். திரும்பக் கூப்பிட்டு, கடைசியாக எங்கே பார்த்தார்கள், யார் பார்த்தது, கையில் ரேடியோ இருந்ததா என்று கேட்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது காணாமல் போனவர்களின் கணக்கு ஆளுக்கொரு விதமாக வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் போர்டில் ஆள் கணக்கு எழுதினால் பக்கத்தில் நேரத்தையும் எழுத வைப்பேன்.

அப்புறம் சில:

- போர்டில் எழுதுகிறவர் யார் என்று முதலிலேயே பெயர் சொல்லிவிடுங்கள்.
- கொடுத்த உத்தரவைத் திரும்பச் சொல்ல வையுங்கள்.
- காற்றின் திசையும் கேஸ் அளவும் தெரியாமல் தேடும் குழுவை அனுப்ப வேண்டாம்.
- எந்த நிலை வந்தால் லைஃப் போட் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புகை வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.
- பிஏவில் (தளம் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில்) மெதுவாகப் பேசுங்கள்.

நான் இயல்பிலேயே நிதானமாகப் பேசுகிறவன், டைம் அவுட் எனக்கு ஒத்துவந்தது. சட்டென்று முடிவெடுக்கிற ஆட்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம் என்பேன்.

அடுத்த லீவில் ஊரில் இருப்பேன். தேர்வுக்குப் போகிறவர்கள் நாகர்கோவிலுக்கு வாருங்கள். போர்டும் சினாரியோவும் நான் கொண்டு வருகிறேன். ஓஐஎம்மாக உட்கார ஒருவர், போனில் தொந்தரவு கொடுக்க இரண்டு பேர் இருந்தால் போதும்.