பாசிக்குடாவில் தொலைந்த மோதிரம்

மச்சாளின் கலியாண மோதிரம் பாசிக்குடாக் கடலில் கழன்று விழுந்ததிலிருந்து, ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியே ஆகவேண்டும் என்றிருக்கிறேன். போன கிழமை இரவல் கருவி ஒன்றோடு கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். காய்ந்த மணலில் அமைதியாக இருந்தது. அலை நனைத்த இடத்தில் வைத்ததும் ஓயாமல் கத்தத் தொடங்கியது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமே, ஒற்றை அலைவரிசைக் கருவி அதற்கே ஏமாந்துவிடும்.

சரி, ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் இயங்குவதுதான் வேண்டும். அப்படிப்பட்ட மைன்லேப் நிறுவனத்தின் ஈக்குவினொக்ஸ் 800ஐத் தண்ணீருக்குள் 3 மீட்டர் ஆழம் வரை கொண்டுபோகலாம், ஈக்குவினொக்ஸ் 900ஐ 5 மீட்டர் வரை. மலிவான சிலவற்றில் மணலுக்கு மேலே பிடிக்கும் அடிப்பக்கச் சுருள் மட்டும்தான் நனையலாம், மேலே உள்ள மின்னணுப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் கருவியே போச்சு. புளூடூத் ஹெட்போனும் தண்ணீருக்குள் உதவாது, வயர் உள்ளதே வேண்டும்.

வெறும் விரலை மச்சாள் தடவும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை.