ஓர நிறத்தில் தெரிந்த நேரக் கணக்கு: கமடோர் 64இல் செயலியை அளந்த அனுபவம்

கமடோர் 64 கணினிக்காக, செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதிவரும் சிறு விளையாட்டில் இசையைச் சேர்த்தேன். அன்றிலிருந்து நகரும் காட்சி அரை வினாடிக்கு ஒருமுறை திக்கியது. செயலியின் நேரத்தில் இசைக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்துவிடுவதெனத் தீர்மானித்தேன்.

1982இல் வெளிவந்த இந்தக் கணினியில் விழுக்காடு காட்டும் கருவி ஏதும் கிடையாது. 6510 செயலி ஓய்வதும் இல்லை. வேலை இல்லாதபோதும் ஏதாவது ஒரு கட்டளையை நிறைவேற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே திரையையே கடிகாரமாக வைத்துக்கொண்டேன். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான கணினியில் ஒரு பிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை முழுதாக வரைய, 312 கோடுகள்; ஒரு கோட்டுக்குச் செயலியின் 63 கடிகாரச் சுழற்சிகள், ஆக மொத்தம் 19,656. வினாடிக்கு ஏறத்தாழ 50 பிரேம்கள்.

இசை நிரலை அழைக்கும் முன், திரை ஓரத்தின் நிறத்தைக் குறிக்கும் 53280ஆம் முகவரியில் ஒன்றைக் கூட்டி, முடிந்ததும் ஒன்றைக் குறைத்தேன். திரையின் கீழ் ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. அதன் உயரம்தான் செலவான நேரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இப்படி நிறமாக வந்து நின்றதைப் பார்த்து வெகுநேரம் மகிழ்ந்திருந்தேன். 22 கோடுகள், அதாவது 1,386 சுழற்சிகள், சுமார் 7 விழுக்காடு.

அதே அழைப்பைத் திரையின் நடுப்பகுதிக்கு மாற்றினால் பட்டை 24 கோடுகளாக வளர்ந்தது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எழுத்துகள் தெரியும் பகுதியில் எட்டுக் கோடுகளுக்கு ஒருமுறை வீடியோ சில்லு தனக்கு வேண்டிய தரவை எடுக்க, செயலியை 40 சுழற்சிகளுக்கு மேல் நிறுத்திவைக்கிறது. எனவே எந்தக் கோட்டிலிருந்து அளந்தோம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பிறகு அழைப்பை 300ஆம் கோட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே பட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால், அப்போது வரையப்படும் கோட்டின் எண்ணைத் தரும் 53266ஆம் முகவரியை முன்னும் பின்னும் படித்துக் கழித்தேன். விடை 222 என்று வந்தது! எண்ணை அச்சிடும் பகுதியில் ஒரு 2 கூடிவிட்டது என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் அங்கேயே தேடினேன். உண்மையில் கழித்தலில்தான் கோளாறு. அந்த முகவரியில் கோட்டு எண்ணின் கீழ் எட்டு பிட்டுகள் (இரும இலக்கங்கள்) தான் இருக்கின்றன, அவற்றில் 255 வரைதான் அடங்கும்; 300 அங்கே 256 போக 44 ஆகத் தெரியும். 311க்குப் பின் எண் சுழியத்துக்குத் திரும்பிவிடுவதால், வேலை முடிந்தது 10ஆம் கோட்டில். 10இலிருந்து 44ஐ எட்டு பிட்டில் கழித்தால் 222. ஒன்பதாவது பிட்டை 53265இலிருந்து எடுத்து, பிரேம் மாறியிருந்தால் 312ஐயும் கூட்டியதும் 22 கிடைத்தது.

அடுத்து, கண்ட அளவுகளில் பெரியதை மட்டும் நினைவில் வைக்கச் செய்தேன். 35 கோடுகள்! ஆறு பிரேம்களுக்கு ஒருமுறை ஒலிச் சில்லின் மூன்று குரல்களும் புதிய ஸ்வரத்தைத் தொடங்குகின்றன. அப்போது மட்டும் 2,205 சுழற்சிகள். சராசரி 8 விழுக்காட்டைத் தொடவில்லை, ஆனால் திக்கலுக்குக் காரணம் அந்த ஆறாவது பிரேம். காட்சியை ஓர் எழுத்தளவு நகர்த்தும் பெரிய வேலை எட்டுப் பிரேம்களுக்கு ஒருமுறை வருகிறது. ஆறும் எட்டும் 24இல் சந்திக்கின்றன. 24 பிரேம்கள் என்றால் கிட்டத்தட்ட அரை வினாடி.

நகர்த்தும் வேலையைத் துண்டுகளாக்கி முந்தைய பிரேம்களுக்குப் பகிர்ந்தேன். இப்போது காட்சி வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்து, வீடியோ சில்லு தனியாக வரையும் நகரும் சிறு உருவங்களான எட்டு ஸ்ப்ரைட்டுகளையும் இறக்கி அளக்க வேண்டும். அவையும் செயலியிடமிருந்து சுழற்சிகளைப் பறிப்பவை.