ஏஆர்டிஎஸ் கட்டுரை வினாவில் சைட்டோகைன்களை எழுதும் முறை: எம்டி தேர்வு முடிவு வந்த கையோடு

எம்டி சுவாச மருத்துவத் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி பெற்றுவிட்டேன். நிம்மதி இன்னும் முழுதாக உள்ளே இறங்கவில்லை என்றாலும், அடுத்த அணிக்காக ஒரே ஒரு வினாவைப் பற்றி இப்போதே எழுதிவிட நினைக்கிறேன். கடுமையான நுரையீரல் காயத்தில் சைட்டோகைன்களின் பங்கை விளக்குக என்ற கட்டுரை வினாதான் அது. நுரையீரல் அழற்சியால் நீர் கோத்து மூச்சு திணறும் நிலையே ஏஆர்டிஎஸ்; அழற்சியின்போது உயிரணுக்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்களே சைட்டோகைன்கள். எல்லோரும் படித்திருந்த பாடம் என்பதால் அறையில் பலருக்கு அதைக் கண்டதும் மகிழ்ச்சி. வெளியே வந்து பேசியபோதுதான், பெரும்பாலோர் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-8, ஐஎல்-10 என்று பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வேலை சொல்லிவிட்டு வந்திருப்பது தெரிந்தது. அப்படி எழுதினாலும் தேறிவிடலாம். ஆனால் அது விடையாகாது என்பது என் உறுதியான கருத்து.

நான் இந்தப் பாடம் முழுவதையும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: இந்தப் புரதம் காயத்தை உண்டாக்குகிறதா, காயம் இருப்பதை அறிவிக்க மட்டும் செய்கிறதா? குறிப்பேட்டில் ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் எதிரே, அதைத் தடுத்துப் பார்த்தபோது நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எழுத ஒரு கட்டம் விட்டிருந்தேன். மற்ற எந்த அறிவுரையை மறந்தாலும் இந்தக் கட்டத்தை மறக்க வேண்டாம்.

வரையறைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் செலவிடாதீர்கள். 1967-இல் லான்செட்டில் 12 நோயாளிகளைக் கொண்டு வந்த முதல் விவரிப்பு, 1994-இன் அமெரிக்க-ஐரோப்பிய உடன்பாடு, தனிப் பெயராக இருந்த 'கடுமையான நுரையீரல் காயம்' என்பதை நீக்கிவிட்டு லேசு, நடுத்தரம், தீவிரம் என்று பிரித்த 2012-இன் பெர்லின் வரையறை ஆகியவை போதும். வினாத்தாளில் பழைய பெயர் வந்தால், பெர்லினுக்குப் பிறகு அது ஏஆர்டிஎஸ்ஸுக்குள் அடங்கிவிட்டது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

நேரத்தைப் படத்துக்குக் கொடுங்கள். நான் படம் போட்டே படிப்பவள். அதனால் ஒற்றை ஆல்வியோலஸை (நுரையீரலின் காற்றுப் பையை) வரைந்து, பாதை முழுவதையும் அதன் மேலேயே காட்டினேன். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருளான எல்பிஎஸ், அங்கே காவல் காக்கும் உயிரணுவான ஆல்வியோலார் மேக்ரோஃபேஜின் டிஎல்ஆர்-4 ஏற்பியைத் தொடுகிறது. மைடி88 என்ற இடைப் புரதம் வழியாகச் செய்தி இறங்கி, தடுப்புப் புரதமான ஐகேபி சிதைக்கப்பட, அதுவரை கட்டுண்டிருந்த என்எஃப்-கேபி உட்கருவுக்குள் சென்று டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-8 ஆகியவற்றின் மரபணுக்களை இயக்குகிறது. ஐஎல்-1 பீட்டா மட்டும் முதலில் செயலற்ற முன்வடிவமாகவே உருவாகிறது. என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பு கூடி, காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டிய பிறகே அது வேலை செய்யத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் படியைத் தனியாகக் காட்டினால், பாடம் புரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். அடுத்து டிஎன்எஃப்பும் ஐஎல்-1 பீட்டாவும் நுண்குழாயின் உட்சுவரான எண்டோதீலியத்தைத் தளர்த்துகின்றன. ஐஎல்-8 நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை உள்ளே இழுக்கிறது. அவை விடும் எலாஸ்டேஸ் நொதியும் ஆக்சிஜன் ராடிக்கல்களும் காற்றுப் பையின் உட்படலமான எபிதீலியத்தை அழிக்கின்றன. புரதம் மிகுந்த நீர் ஆல்வியோலஸுக்குள் நிறைகிறது. அந்த நீரை வெளியேற்ற வேண்டிய சோடியம் வாய்க்கால்களையும் ஐஎல்-1 பீட்டா அடக்கிவிடுவதால், நீர் வருவதும் போகாமல் நிற்பதும் ஒரே புரதத்தின் இரு விளைவுகளாகின்றன. ஹயலின் சவ்வை (புரதமும் இறந்த உயிரணுக்களும் சேர்ந்து உள்ளே படியும் படலத்தை) வரையாமல் படத்தை முடிக்காதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னை நிறுத்திய இடம் ஐஎல்-8. "எலிக்கு ஐஎல்-8 கிடையாதேம்மா, அப்புறம் எலிச் சோதனையை வைத்து மனிதனுக்கு எப்படிச் சொல்வாய்?" என்று வெளித் தேர்வாளர் கேட்டார். எலியில் கேசி, எம்ஐபி-2 ஆகிய கீமோகைன்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று சொன்னேன். அத்துடன், மனிதரிடமே சான்று இருப்பதையும் சேர்த்துக்கொண்டேன்: ஏஆர்டிஎஸ் வரும் ஆபத்தில் இருந்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், பின்னர் நோய் வந்தவர்களுக்கு முன்கூட்டியே ஐஎல்-8 உயர்ந்திருந்ததை 1993-இல் லான்செட்டில் வெளியான ஆய்வு காட்டியது. உடனே அடுத்த கேள்வி வந்தது: நியூட்ரோஃபில் இல்லாமல் ஏஆர்டிஎஸ் வருமா? வரும், நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் குறைபாடு) உள்ளவர்களுக்கும் வருகிறது. காரணியா, அறிகுறியா என்று பிரித்துப் படித்ததன் பலனை அங்கேதான் கண்டேன்.

கட்டங்களில் நான் எழுதி வைத்திருந்தவற்றுள் தேர்வுக்குக் கைகொடுத்தவை:

- டிஎன்எஃப்: செப்சிஸில் (தொற்றினால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் நிலையில்) இதைத் தடுக்கும் மருந்துகள் ஏமாற்றமே அளித்தன. கழுவு நீரில் இதன் அளவு உயர்ந்திருந்தாலும், கரையும் ஏற்பிகள் உடனிருந்து இதை முடக்குகின்றன. அளவு வேறு, செயல்திறன் வேறு.
- ஐஎல்-1 பீட்டா: கழுவு நீரின் அழற்சித் திறனில் பெரும்பங்கு இதனுடையது என்று 1996-இன் ஆய்வு காட்டியது. ஆனாலும் செப்சிஸில் ஐஎல்-1 ஏற்பியைத் தடுத்துச் செய்த பெரிய சோதனைகள் வெற்றி பெறவில்லை.
- நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ்: இது சைட்டோகைன் அல்ல, ஆயினும் கேட்பார்கள். இதைத் தடுக்கும் சிவெலெஸ்டாட் மருந்து ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்தது. பன்னாட்டுச் சோதனையில் உயிர் காக்கவில்லை.
- ஐஎல்-10: அழற்சியை அடக்குவது. ஆகவே நல்லது என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இறந்தவர்களிடமும் இது உயர்ந்திருக்கலாம்.

ஐஎல்-6-க்குத் தனிப் பத்தி கொடுங்கள், ஏனெனில் காயத்தை உண்டாக்குகிறதா, அறிவிக்க மட்டும் செய்கிறதா என்ற கேள்வி மிகக் கூர்மையாக நிற்பது இங்கேதான். வென்டிலேட்டரின் இரண்டு காற்று அளவுகளை ஒப்பிட்ட 2000-இன் ஆர்மா சோதனையில் 861 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு கிலோவுக்கு 6 மிலி டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்று) பெற்றவர்களில் இறப்பு 31 சதவீதம், 12 மிலி பெற்றவர்களில் 39.8 சதவீதம், 6 மிலி குழுவில் இரத்த ஐஎல்-6 அதிகமாகக் குறைந்தது. வென்டிலேட்டரின் அதீத விரிவே சைட்டோகைன்களைக் கிளப்பிவிடும் என்ற பயோட்ராமா கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஆனால் ஐஎல்-6 குறைந்ததால்தான் உயிர் பிழைத்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது, நுரையீரல் குறைவாகக் கிழிந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்பதை நான் விடையிலேயே எழுதினேன். அதற்கு எதிர்ப்பக்கமாகக் கோவிட்டை வைத்தேன். கோவிட் நோயாளிகளின் ஐஎல்-6 அளவு, அழற்சி மிகுந்த வழக்கமான ஏஆர்டிஎஸ் நோயாளிகளுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. இருந்தும் 2021-இன் ரெக்கவரி சோதனையில், ஆக்சிஜன் குறைந்து, அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டீராய்டும் பெற்றுக்கொண்டிருந்த நிலையில், ஐஎல்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் 28 நாள் இறப்பை 35-இலிருந்து 31 சதவீதமாகக் குறைத்தது. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு புரதத்தின் பங்கை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நேரம் மிஞ்சினால் ஏஆர்டிஎஸ்ஸின் துணைவகைகளைச் சேருங்கள். குறுவினாவாகத் தனியே வரவும் வாய்ப்பு உண்டு. 2014-இல் கால்ஃபி குழுவினர் பழைய சோதனைகளின் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐஎல்-6, ஐஎல்-8, கரையும் டிஎன்எஃப் ஏற்பி ஆகியவை உயர்ந்தும் பைகார்பனேட் குறைந்தும் இருப்பதையும், அவர்களிடம் இறப்பு அதிகம் என்பதையும், பீப் (மூச்சு விட்ட முடிவிலும் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) அளவுக்கு இரு வகையினரும் வேறுவிதமாகப் பதிலளிப்பதையும் கண்டார்கள். கொழுப்பைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டின் ஹார்ப்-2 சோதனை மொத்தத்தில் தோற்றிருந்தும், 2018-இன் மறு ஆய்வில் அழற்சி மிகுந்த வகையினருக்குப் பலன் தெரிந்தது. இவையெல்லாம் சோதனை முடிந்த பின் செய்த பகுப்பாய்வுகள் என்பதை விடையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைவாவில் தேர்வாளர் சொல்லுவார்.