ப்னிக்ஸ் குன்றும் 65 யூரோ டாக்சியும்

முதலில் டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் அடங்காது. ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது இரவு ஒன்பது மணி. மெட்ரோவுக்கு 9 யூரோ என்று ஊரிலேயே குறித்து வைத்திருந்தேன். வெளியே வந்ததும் ஒரு ஓட்டுநர் மடக்கினார். மெட்ரோவில் இன்று வேலைநிறுத்தம் என்றார். பஸ்ஸில் போனால் பை திருடு போகும் என்றார். நானும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன், உங்களை இந்த நேரத்தில் தவிக்க விடுவேனா என்று செல்போனில் பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். 65 யூரோ. ரூபாயில் 6,000-க்கு மேல்! விடுதிக்குப் போய்க் கேட்டால் வேலைநிறுத்தமே இல்லை, டாக்சிக்கென்று நிர்ணயித்த கட்டணமும் இதைவிடக் குறைவு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் அந்த ஊருக்குப் போனதே பழைய கிரேக்கர்களின் பேச்சுக்கலைக்காக. எதிராளியைச் சொல்லால் இணங்க வைக்கும் கலையை ஒரு பாடமாகவே வளர்த்தவர்கள் அவர்கள். மறுநாள் காலை அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியம் என்ற பள்ளி இருந்த இடத்துக்குப் போனேன். 1996-இல் ஓர் அருங்காட்சியகம் கட்டத் தோண்டியபோது கிடைத்த இடம். முழங்கால் உயரத்துக்குக் கூட வராத சுவர்கள்தான் மிச்சம். கேட்பவரை இணங்க வைப்பவை மூன்று என்றார் அவர்: பேசுபவரின் குணம், கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் வாதம். அந்தச் சுவர்களைப் பார்த்தபடி நிற்கும்போதுதான் உறைத்தது, டாக்சிக்காரர் மூன்றையுமே என்மேல் பயன்படுத்தியிருக்கிறார். பெண் பிள்ளைகளின் அப்பா என்பது குணம், திருட்டு பயம் உணர்ச்சி, மெட்ரோ இல்லை பஸ்ஸும் ஆகாது அதனால் டாக்சி என்பது வாதம். அடிப்படையே பொய் என்பதுதான் ஒரே குறை. உடம்பால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதது வெட்கம் என்றால் பேச்சால் காத்துக்கொள்ளத் தெரியாதது அதைவிட வெட்கம் என்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அது அன்றைக்கு எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

இந்தப் பயணத்தை நாள்வாரியாகச் செலவுக் கணக்கோடு எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ப்னிக்ஸை உடனே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்ரோபோலிஸுக்கு 30 யூரோ டிக்கெட், அதனால் நான் மேலே ஏறவில்லை. அதற்கு எதிரே இருக்கும் ப்னிக்ஸ் குன்றுக்கு டிக்கெட்டே கிடையாது, அங்கிருந்து அக்ரோபோலிஸ் முழுசாகத் தெரிகிறது. காலை ஏழரைக்கு நானும் ஒரு நாயும் மட்டும்தான். பாறையை வெட்டிச் செய்த ஒரு மேடை, அதற்கு ஏறச் சில படிகள், முன்னால் அரைவட்டமாகத் திறந்த மைதானம். மேடையின் பெயர் பேமா. அவ்வளவுதான். ஆனால் சில முடிவுகளுக்கு 6,000 குடிமக்களாவது வந்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்த பழைய ஏதென்ஸின் மக்கள் சபை கூடியது இங்கேதான். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே இடமில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மைக் கிடையாது, காற்று வேறு அடிக்கிறது. நான் சாதாரணமாகப் பேசிப் பார்த்தேன், பத்தடி தாண்டியிருந்தால் அதிசயம். அந்தச் சபையின் பெரிய பேச்சாளர் டெமோஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார், கடலலை இரைச்சலுக்கு எதிரே பேசிப் பழகினார் என்றெல்லாம் பள்ளியில் கதையாகக் கேட்டது அங்கே நின்றபோதுதான் நியாயமாகப் பட்டது.

கி.மு. 339-இல் ஒரு சாயங்காலம், மாசிடோனிய மன்னன் பிலிப் ஏதென்ஸுக்கு வரும் வழியில் உள்ள எலாட்டியாவைப் பிடித்துவிட்டான் என்று செய்தி வருகிறது. விடிந்ததும் ஊரே இந்தக் குன்றில் கூடிவிட்டது. யார் பேச விரும்புகிறீர்கள் என்று கட்டியக்காரன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். தளபதிகள் இருக்கிறார்கள், பேச்சாளர்கள் இருக்கிறார்கள், ஒருவரும் எழவில்லை. டெமோஸ்தனிஸ் எழுந்தார். பழைய பகையை மறந்து பக்கத்து நகரமான தீப்ஸோடு சேருங்கள் என்றார், சபையும் ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் கைரோனியாவில் நடந்த போரில் பிலிப்பிடம் தோற்றார்கள். சரி, தோற்க வைத்தவனை ஊர் என்ன செய்யும்? 330-இல் அந்தக் காலத்துக் கணக்கையெல்லாம் கிளறி, டெமோஸ்தனிஸின் அரசியல் எதிரி ஈஸ்கினிஸ் வழக்கு நடத்தினார். நடுவர்களில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுக்கூட அவருக்கு விழவில்லை, ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அன்று காலை நான் எழுந்தேன், நீ எங்கே போயிருந்தாய் என்பதுதான் டெமோஸ்தனிஸ் வாதத்தின் சாரம். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கிறது. இங்கே பேசினவனுக்கு எதிரே இன்னொருவன் எழுந்து பதில் சொல்லலாம், பல வருஷம் கழித்தும் இழுத்துக் கேட்கலாம். டாக்சி வரிசையில் அதற்கு வழியே இல்லை.

அப்புறம் பழைய சந்தைவெளியான அகோராவில் இருக்கும் அருங்காட்சியகம். எது விட்டாலும் இதை விடாதீர்கள். தண்ணீர்க் கடிகாரம் இருக்கிறது. அடியில் துளை வைத்த ஒரு மண்பானை, ஆறரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், ஆறு நிமிஷத்தில் காலியாகும். நீதிமன்றத்தில் தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. நடுவில் சட்டத்தை வாசிக்கச் சொன்னால், தண்ணீரை நிறுத்து என்று பேசுபவர் கேட்பாராம். வழக்காடுபவர் தானே பேசியாக வேண்டும் என்பதால் லிசியாஸ் போன்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு பேச்சு எழுதிக் கொடுத்தார்கள், கட்சிக்காரர் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். பக்கத்திலேயே ஓட்டுப் போட்ட வெண்கல வில்லைகளும் இருக்கின்றன. நடுவில் அச்சு துளையுள்ளதா கெட்டியா என்பதில்தான் ஒருவனின் கதி. முனைகளை விரலால் மூடிக்கொண்டால் யார் எதைப் போட்டார் என்று தெரியாது.

சாப்பாடு: பிளேட்டோவுக்குப் பேச்சுக்கலை பிடிக்காது. மருத்துவத்துக்குப் பக்கத்தில் சமையல் எப்படியோ அப்படித்தான் இதுவும், நாக்குக்கு இதம், உடம்புக்கு உதவாது என்று சாக்ரடீஸ் வாயால் சொல்ல வைத்தார். அதைப் படித்துவிட்டுப் போரோஸ் தீவின் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஃபாவா சாப்பிட்டேன். மஞ்சள் பருப்பை மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறார்கள். கூட ரொட்டி. 7 யூரோ, வயிறு நிறைந்தது. சமையலைப் பற்றி பிளேட்டோ சொன்னது தப்பு, பேச்சைப் பற்றியும் தப்பு என்றே நினைக்கிறேன்.

போரோஸுக்குப் போனது டெமோஸ்தனிஸின் முடிவைப் பார்க்க. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வேகப் படகு ஒரு மணி நேரம்தான், ஆனால் விலை அதிகம். நான் இரண்டரை மணி நேரப் பெரிய கப்பலில் போனேன். குன்றின் மேலே பொசைடன் கோயில், அடித்தளக் கற்கள் மட்டும், பைன் மரங்கள், கீழே கடல். கி.மு. 322-இல் ஏதென்ஸ் மாசிடோனியாவிடம் மறுபடி தோற்றபோது அவர் இங்கே அடைக்கலம் புகுந்தார். துரத்தி வந்த ஆர்கியாஸ் முன்னாள் நடிகர். வெளியே வாருங்கள், ஒன்றும் ஆகாது என்று இனிக்க இனிக்கப் பேசினாராம். உன் நடிப்பும் என்னை நம்ப வைத்ததில்லை, உன் வாக்குறுதியும் நம்ப வைக்காது என்று டெமோஸ்தனிஸ் சொன்னதாக, பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டு, எழுதுகோலில் வைத்திருந்த விஷத்தைக் கடித்துக்கொண்டார்.

மேலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வேறு யாரும் வரவில்லை. போகிறவர்கள் கீழேயே தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், நான் போன அன்று மேலே ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.