கசப்பு தெரியாத சிம்பன்சி

1931-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் பிடிசி என்ற தூளைக் குப்பியில் கொட்டும்போது கொஞ்சம் பறந்துவிட்டது. ஆய்வகத்தில் கூட இருந்தவருக்குப் பயங்கரக் கசப்பு. தூளுக்கு மிக அருகில் நின்ற ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை!

1939-இல் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவரும் எடின்பரோ மிருகக்காட்சிசாலைச் சிம்பன்சிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார்கள் (பாவம் அவை). மனிதர்களைப் போலவே அங்கேயும் கசப்பு தெரிந்தவை, தெரியாதவை என்று இரண்டு வகை. சரி, இது மனிதரும் சிம்பன்சியும் தனித்தனி இனங்களாகப் பிரிவதற்கு முன்பே வந்த வேறுபாடு என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

2006-இல் மரபணுவைப் படித்தபோது கதையே மாறியது. மரபணு ஒன்றுதான், நாக்கில் கசப்பை உணரவைக்கும் டாஸ்2ஆர்38. பழுதுதான் வேறு. நம்மிடம் மூன்று இடங்களில் டிஎன்ஏ எழுத்து மாற்றம். சிம்பன்சியிடம், மரபணுவை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று காட்டும் தொடக்கக் குறியிலேயே பிழை. இரண்டும் தனித்தனியாக வந்தவை.

எனக்கும் பிடிசி தோய்த்த ஒரு சோதனைத் தாள் கிடைத்தால் நாக்கில் வைத்துப் பார்க்க ஆசை.