பற்றரியின்மேல் பழி போடுமுன் அளந்து பார்த்தவை

உப்புவெளியில் கடலுக்கு அண்மையில் நிறுத்தப்படும் எங்கள் பழைய டொயோட்டா ஹையேஸ் டீசல் வானின் என்ஜின், சில காலமாகச் சாவியைத் திருப்பும்போது இழுத்து இழுத்தே சுற்றியது. காலையில் ஒருவாறு பிடித்துக்கொள்ளும். ஓடிச் சூடான பின் நிறுத்தி எடுத்தால் முனகி நின்றுவிடும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்படும் காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றுவதால், சுற்றும் வேகம் குறைந்தால் தொடங்குவதும் கடினமாகிவிடும். சத்தத்தைக் கேட்ட கராஜ் பாஸ், "பற்றரி முடிஞ்சுது தம்பி, மாத்திப் போடுங்கோ" என்றார். பற்றரி விற்கும் விலைக்கு, அளக்காமல் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இரவு முழுவதும் ஓய்விலிருந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டியது. அது நிறைந்த சார்ஜ். ஆனால் சுமையில்லாத அளவை மட்டும் நம்ப முடியாது. எனவே கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, என்ஜின் பற்றாதபடி டீசல் பம்பின் சொலனாய்ட் (டீசலைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, தம்பியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். சுற்றும்போதும் பற்றரி முனைகளில் 10.9 வோல்ற் நின்றது. 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். அதேவேளை, என்ஜினைச் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டரின் தடித்த முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 8.7 வோல்ற் மட்டுமே இருந்தது. பற்றரி கொடுப்பதில் 2.2 வோல்ற் வழியிலேயே தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்பதை அறிய, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயக் குமிழிலேயே (கிளிப்பில் அல்ல, குமிழுக்கும் கிளிப்புக்கும் இடையிலுள்ள ஊத்தையும் கணக்கில் வர வேண்டும்) வைத்து, மற்றதைப் பாதையின் அடுத்தடுத்த இடங்களில் வைத்துச் சுற்றச் செய்தேன். நேர்ப் பக்கம் முழுவதிலும் 0.4 வோல்ற்; அரை வோல்ற் வரை பொறுக்கலாம். என்ஜின், சேசிஸ் (வானின் இரும்புச் சட்டம்) வழியே மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் எதிர்ப் பக்கத்தில் 0.2ஐத் தாண்டக்கூடாத இடத்தில் 1.8 வந்தது. அதில் பற்றரியிலிருந்து சேசிஸ் வரை 0.1தான், எஞ்சிய 1.7 வோல்ற்றும் சேசிஸுக்கும் என்ஜினுக்கும் இடையில் இருந்தது.

என்ஜின் ரப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், அதைச் சேசிஸுடன் மின்முறையில் இணைப்பது ஒரு பின்னல் செப்புப் பட்டையே. கீழே படுத்துப் பார்த்தபோது அதன் மேற்புறம் வெறும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் தெரிந்தது. கழற்றி வளைத்தபோதுதான், போல்ற் நுழையும் காதுத் துண்டுக்கு அருகில் இழைகளில் பெரும்பாலானவை பச்சைக் களிம்பாகி, விரலோடு பொடியாக உதிர்ந்தன. கடற்காற்றோடு, முன்பு இந்த வானில் ஐஸ் மீன் ஏற்றியபோது ஒழுகிய உப்புநீரும் அங்கே ஊறியிருக்க வேண்டும்.

பட்டையைக் கழற்றுமுன் மீற்றரின் ஓம் அளவையிலும் பார்த்திருந்தேன். குறை எதுவும் தெரியவில்லை. 200 அம்பியர் ஓடும் பாதையில் 1.7 வோல்ற் விழ 0.0085 ஓம் தடை போதும். சாதாரண மீற்றரின் வயர்களுக்கே அதைவிடக் கூடுதலான தடை உண்டு. இத்தகைய கோளாறு மின்னோட்டம் ஓடும்போதுதான் பிடிபடும்.

புதிய பட்டை வாங்குமுன், பற்றரியின் எதிர்முனையிலிருந்து ஒரு தடித்த ஜம்பர் வயரை நேராக என்ஜினில் கௌவவிட்டுப் பார்த்தேன். உடனே வேகமாகச் சுற்றியது. அதன் பிறகே 35 சதுர மில்லிமீற்றர் வயரில் இரு பக்கமும் காது அழுத்தி வாங்கி வந்து, சேசிஸில் கறலையும் பெயின்றையும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, முறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசினேன். பற்றரிக் குமிழ்களின் வெள்ளைப் பூஞ்சணத்தை, எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, அப்பச்சோடாக் கரைசலால் கழுவினேன்.

இப்போது சுற்றும்போது பற்றரியில் 10.7, ஸ்டார்ட்டரில் 10.2 வோல்ற் கிடைக்கிறது. எதிர்ப் பக்க இழப்பு 0.1. சூடான என்ஜினும் சாவி திருப்பியவுடன் பிடிக்கிறது. நேர்ப் பக்கத்து 0.4, ஸ்டார்ட்டரின் மேலுள்ள சொலனாய்டின் (மோட்டருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்ச்) உள்ளேயுள்ள செப்புத் தொடுமுனைகளின் தேய்மானமாக இருக்கலாம். மோட்டருக்குள் தேயும் கார்பன் பிரஷ்களை மாற்ற ஸ்டார்ட்டரை இறக்கும்போது அதையும் திறந்து பார்ப்பேன்.